மஞ்சப்பையில ஒம்பது ஃபிலிம்

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்னு பரண்ல கெடந்த சாமானெல்லாம் எறக்கிட்டு இருந்தப்ப ஒரு மஞ்சப்பை கையில சிக்குச்சு, ஏதோ ஜவுளிக்கடை பை, உள்ள கைய விட்டா வழவழன்னு ஃபிலிம். எல்லாம் அம்மாவோடது. சிலது கவரோட, சிலது கவர் இல்லாம, ரெண்டு ஃபிலிம் ஓட்டுச் சூட்டுல ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போயிருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொன்னா தூக்கிப் பாத்தேன். மொத்தம் ஒம்பது. இடுப்பு முதுகெலும்பு அஞ்சு, இடுப்புக்கூடு ஒன்னு, முட்டி ரெண்டு, நெஞ்சு ஒன்னு. எல்லாமே ரெண்டரை வருஷத்துக்குள்ள, பென்னாகரம், தர்மபுரி, பாலக்கோடு, சேலம்னு நாலு ஊர்ல எடுத்தது. முதுகுப் படம் அஞ்சுல ஒன்னோட ஓரத்துல வலது பக்கத்தக் காட்டுற ஆர்னு ஈய மார்க்கர் விழுந்திருந்துச்சு, அதுக்குப் பக்கத்துலயே என் பேரோட முதல் எழுத்து. தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் எடுத்த படம் அது.

நான் எக்ஸ்ரே டெக்னீசியன். பத்தொம்போது வருஷமாச்சு. தர்மபுரியில ரெண்டு எடம், கிருஷ்ணகிரியில ஒரு எடம்னு மாறி மாறி வேலை பாத்துட்டேன். ஊர்ப்பக்கம் எல்லாரும் என்னை எக்ஸ்ரேக்காரருன்னுதான் சொல்லுவாங்க. இத்தன வருஷத்துல வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, "இதெல்லாம் எடுத்தா கேன்சர் வருமாண்ணா?" நானும் ஒரே பதில்தான், "ஒன்னும் ஆகாதுங்க, மூச்ச இழுத்துப் புடிங்க". ரெண்டு பேருமே தப்பான எடத்துல நின்னு பேசிட்டு இருந்திருக்கோம்னு அன்னிக்கு அந்தப் பரண் கிட்ட நின்னப்பதான் ஒரைச்சுது. ஒரு படம் ஆபத்தா இல்லையாங்கறது சின்ன கேள்வி. இந்தப் படம் எதுக்குன்னு கேக்குறதுதான் பெரிய கேள்வி, அத யாருமே கேக்கல, பெத்த புள்ள நானே கேக்கல.

கணக்க சொல்லிடுறேன், இல்லன்னா மேல சொல்றது எதுவும் புரியாது. சும்மா வீட்டுல உக்காந்திருந்தாலே மண்ணு, பாறை, வானம், மூச்சுல போற ரேடான்ங்கற வாயு இதுல இருந்தெல்லாம் ஒரு மனுஷனுக்கு வருஷத்துக்கு உலக சராசரியா 2.4 மில்லிசீவர்ட் (ஒடம்பு வாங்குற கதிர்வீச்ச அளக்குற அலகு) கதிர்வீச்சு கெடைக்குது. நேரா நின்னு எடுக்குற நெஞ்சுப் படம் ஒன்னு சுமார் 0.02. முட்டி 0.005. கை, மணிக்கட்டுன்னா 0.001, ஒன்னுமே இல்ல. ஆனா இடுப்பு முதுகெலும்பு? 1.5. அதாவது ஒரு முதுகுப் படம் எழுபத்தஞ்சு நெஞ்சுப் படத்துக்குச் சமம். இத நான் சொன்னா டாக்டருங்களே சில பேரு நம்ப மாட்டேங்குறாங்க. எடுக்குற எங்களுக்குத் தெரியும், இடுப்புல சதை தடிமன், பக்கவாட்டுல படுக்க வச்சா இன்னும் தடிமன், அதுக்குள்ள ஊடுருவிப் போகணும்னா கதிர் ஊடுருவுற பலமான கே.வி.யும் ஏத்தணும், கதிரோட அளவான எம்.ஏ.எஸ்.ஸும் ஏத்தணும், வழியில குடலு, கர்ப்பப்பை, சினைப்பைன்னு எல்லாம் உக்காந்திருக்கு. சி.டி.க்குப் போனா தலைக்கு 2, நெஞ்சுக்கு 7, வயித்துக்கு 8 கிட்ட வரும். மெஷினப் பொறுத்து, ஆளோட ஒடம்பப் பொறுத்து இதெல்லாம் கூடும் கொறையும், ஒரு அளவுக்குப் புரிஞ்சுக்கத்தான் இந்த நம்பரு.

அம்மாவோட மஞ்சப்பைய கூட்டிப் பாத்தா எட்டு மில்லிசீவர்ட் பக்கம் வந்துச்சு. ஒரு வயித்து சி.டி. மாதிரி. மூனு வருஷத்துக்கு மேல மண்ணும் வானமும் குடுக்குறத இந்த ஒம்பது ஃபிலிம்ல வாங்கியிருக்கா. அறுபத்திமூனு வயசுல அதனால அவளுக்கு ஒன்னும் ஆகிடாது, பயப்படல. எனக்கு வயித்தெரிச்சல் வேற. அஞ்சு முதுகுப் படமும் அச்சு அசலா ஒரே மாதிரி. முதல் படத்துல என்ன இருந்துச்சோ அதேதான் அஞ்சாவதுலயும். முதல் படத்துக்கு அப்புறம் எழுதுன மாத்திரையும் அஞ்சாவது படத்துக்கு அப்புறம் எழுதுன மாத்திரையும்கூட ஒன்னுதான், கால்சியம், வலி மாத்திரை, கேஸ் மாத்திரை.

அம்மாகிட்ட கேட்டேன், "ஏம்மா போற எடத்துல எல்லாம் பழைய படத்த காட்ட மாட்டியா?"

"யாரு சாமி கேட்டாங்க? போனதும் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு குடுக்குறாங்க. நான் எடுத்துட்டுப் போறேன். உன்கிட்டயும்தான் வந்தேன், நீ கேட்டியா?"

பதில் இல்ல என்கிட்ட. அன்னிக்கு நடந்தது ஞாபகம் இருக்கு, சந்தை நாளு, வெளிய இருபது பேரு உக்காந்திருந்தாங்க, அம்மா சீட்ட நீட்டுனா, ஏறிப் படும்மா, ஒருக்களிச்சுப் படு, அசையாதன்னு ரெண்டு அமுக்கு, முடிஞ்சுது. பெத்த தாய்ங்கறதால காசு வாங்கல, அவ்ளோதான் சலுகை.

சாதாரண முதுகு வலிக்கு முதல் ஆறு வாரம் படமே தேவையில்லன்றதுதான் இப்ப ஒலகம் பூரா டாக்டருங்க சொல்றது. பெரும்பாலும் தானாவே கொறையும். ஆனா கால் மரத்துப்போகுது, பலம் கொறையுது, ஒன்னுக்கு ரெண்டுக்கு அடக்க முடியல, காய்ச்சல் கூடவே இருக்கு, எளைச்சுக்கிட்டே போறாங்க, ஏற்கனவே கேன்சர் வந்தவங்க, கீழ விழுந்தவங்க, இப்படின்னா காத்திருக்கக் கூடாது, உடனே பாத்தாகணும். அம்மாவுக்கு அந்த வயசுக்கு முதல் படம் எடுத்தது சரிதான், அத நான் தப்பு சொல்லல. மீதி நாலுதான்.

இப்ப எங்க ரூமுக்குள்ள நடக்குற கதைக்கு வர்றேன். வெளிய இருக்கறவங்க மெஷின்ல இருந்து ஏதோ லீக் ஆகுது, அதான் ஆபத்துன்னு நெனைக்குறாங்க. எங்களுக்குள்ள ஒரு வார்த்த இருக்கு, ரிப்பீட். படம் சரியா வரல, மறுபடியும் எடு. பேஷன்ட்டுக்கு அது தெரியவே தெரியாது, "ஒன்னு இன்னும் எடுக்கணும்ங்க"ன்னு சொன்னா தலையாட்டிட்டு நிப்பாங்க. ரெண்டு தடவ எடுத்தா டோஸ், அதாவது ஒடம்புக்குப் போற கதிர் அளவு, ரெண்டு மடங்கு, இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்ல.

நான் சேந்த புதுசுல டார்க் ரூம் காலம். செவப்பு லைட்டு, டெவலப்பர் நாத்தம், ஃபிலிம கிளிப்புல மாட்டி தொட்டியில முக்கி முக்கி எடுக்கணும். கருப்பா வந்தா சீனியர் திட்டுவாரு, வெளுப்பா வந்தாலும் திட்டுவாரு, ஃபிலிம் வேஸ்ட்டுன்னு மொதலாளி கணக்கு கேப்பாரு. அந்தத் திட்டுதான் எங்கள ஒழுங்கா வச்சிருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. ஏன்னா டிஜிட்டல் வந்ததும் திட்டு நின்னுபோச்சு. சி.ஆர்., அப்புறம் டி.ஆர்.னு ரெண்டு வகை டிஜிட்டல் மெஷின் வந்தப்ப எல்லா எடத்துலயும் "லோ ரேடியேஷன்"னு போர்டு வச்சாங்க. உண்மையில என்ன ஆகும்னா, டிஜிட்டல்ல கொறச்சலா குடுத்தா படம் மணல் மணலா வரும், படத்த பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர், ரேடியாலஜிஸ்ட், ஃபோன் பண்ணி கேப்பாரு. அதிகமா குடுத்தா? படம் பளிச்சுன்னு அழகா வரும், கம்ப்யூட்டரே சரி பண்ணிடும், யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. அப்ப கை எந்தப் பக்கம் போகும்? மெதுமெதுவா எம்.ஏ.எஸ். ஏறிக்கிட்டே போகும். இதுக்கு டோஸ் க்ரீப்னு பேரே வச்சிருக்காங்க. ஒவ்வொரு படத்துக்கும் மானிட்டர் மூலையில எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் வரும், அத பாத்தா அதிகமா போச்சா கொறஞ்சுதான்னு தெரிஞ்சிடும், நான் அத மூனு வருஷம் பாக்கவே இல்ல, ஏதோ சீரியல் நம்பர்னு நெனச்சுட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு ஆனா உண்மை அதான்.

அந்த மஞ்சப்பைக்கு அப்புறம் நான் ஒரு நோட்டு போட்டேன். நாப்பது பக்க நோட்டு, ஒவ்வொரு ரிப்பீட்டுக்கும் ஒரு வரி, ஏன் எடுத்தேன்னு. ஒரு மாசம் கழிச்சு புரட்டிப் பாத்தா மெஷின் கோளாறுன்னு ஒன்னோ ரெண்டோதான். மத்ததெல்லாம் அசைஞ்சுட்டாங்க, மூச்சு விட்டுட்டாங்க, பொசிஷன் தப்பு, அப்புறம் நம்ம ஊரு ஸ்பெஷல், உலோகம். தாயத்து, அரணாக்கொடி, ஜாக்கெட் ஊக்கு, கொண்டை ஊசி, பாவாடை நாடாவுல முடிஞ்சு வச்ச சில்லற. ஒரு தாத்தா காரிமங்கலம் பக்கம் இருந்து வந்தாரு, நெஞ்சுப் படத்துல வலது பக்கம் வட்டமா ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு நிமிஷம் எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு, கட்டியோன்னு. சட்டைய கழட்டியாச்சு, பனியன் மட்டும்தான். பனியனுக்கு உள்பக்கம் தச்ச பையில அஞ்சு ரூபா காசு! பஸ்சுக்கு வச்சிருந்தாராம்.

தாலிய கழட்டச் சொன்னா நெறைய அம்மாங்க கழட்ட மாட்டாங்க, அத கட்டாயப்படுத்தவும் கூடாது, கட்டாயப்படுத்துனா அந்தப் பதட்டத்துலயே மூச்ச சரியா புடிக்க மாட்டாங்க. நெஞ்சுப் படம்னா தாலிய மேல தூக்கி வாயில கவ்விக்கச் சொல்லுவேன், நுரையீரல விட்டு வெளிய போயிடும். இதுக்கு பத்து செகண்டு ஆகும். அந்த பத்து செகண்டு இல்லன்னு சொல்லித்தான் நாங்க ரிப்பீட் எடுக்குறோம்.

மூச்சு விஷயமும் அப்படித்தான். "மூச்ச இழுத்துப் புடிங்க"ன்னு கன்ட்ரோல் பேனல் பின்னாடி இருந்து கத்துனா பாதி பேரு தோள தூக்குவாங்க, வயித்த எக்குவாங்க, மூச்சு மட்டும் உள்ள போகாது. இப்ப ஒரு தடவ ஒத்திகை பாக்குறேன், நான் பக்கத்துல நின்னு நானே இழுத்துக் காட்டி, அவங்கள இழுக்க வச்சு, அப்புறம்தான் உள்ள போய் பட்டன அமுக்குறேன். எங்க பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க நெறைய வருவாங்க, தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆளுங்க, அவங்களுக்கு தமிழ்ல கத்துனா என்ன ஆகும், சைகையில காட்டிட்டா வேலை முடிஞ்சுது.

காலிமேட்டர் பத்தி சொல்லாம விட்டா மனசு ஆறாது. டியூபுக்குக் கீழ ஒரு பெட்டி, ரெண்டு குமிழ் இருக்கும், திருகுனா மஞ்ச வெளிச்சம் சதுரமா ஒடம்பு மேல விழும், அந்த வெளிச்சம் எங்க விழுதோ அங்கதான் கதிர் போகும். மணிக்கட்டுன்னா மணிக்கட்டு அளவுக்குத்தான் தொறக்கணும். ஆனா அவசரத்துல 14க்கு 17 இன்ச்சுன்னு முழுசா தொறந்து வச்சு அடிச்சுட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல க்ராப் பண்ணி அனுப்பிடலாம். டாக்டர் பாக்குறது க்ராப் பண்ணது. பேஷன்ட் வாங்குனது முழுசு. ஒரு எடத்துல புதுசா சேந்த பையன் எடுத்த ஒரு கொழந்த படத்த பாத்தேன், ஆறு மாசக் கொழந்த, நெஞ்சு மட்டும் கேட்டிருக்காங்க. க்ராப் பண்றதுக்கு முன்னாடி இருக்குற ஒரிஜினல்ல மண்டையில இருந்து தொடை வரைக்கும் மொத்தக் கொழந்தையும் இருக்கு, அதோட புடிச்சுட்டு இருந்த அம்மாவோட விரல் பத்தும், மோதிரத்தோட. நான் திட்டல, பக்கத்துல உக்கார வச்சு அந்த ஒரிஜினல மட்டும் காட்டுனேன். பையன் ஒன்னும் பேசல, கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தான். கொழந்தைங்க ஒடம்புல இருக்குற செல்லு வேகமா பிரியுறதால கதிர்வீச்சுக்கு அவங்க பெரியவங்கள விட மென்மை, அதோட அவங்க முன்னாடி எழுவது எம்பது வருஷம் இருக்கு. அமெரிக்காவுல 2008ல இமேஜ் ஜென்ட்லின்னு கொழந்தைங்களுக்காகவே ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, கொழந்தை ஒடம்புக்குத் தக்க கொறைங்கன்னுதான் அதோட சாரம். அதுக்கு அமெரிக்கா போகணுமா, குமிழ திருகுனா போதும்.

கொழந்தைய யாரு புடிக்கிறதுங்கறது இன்னொரு கூத்து. டெக்னீசியனே தெனமும் புடிக்கக் கூடாது, அவனுக்குச் சேந்துக்கிட்டே போகும். எடிசன்கிட்ட வேலை பாத்த க்ளாரன்ஸ் டாலின்னு ஒருத்தரு, மெஷின் வேலை செய்யுதான்னு பாக்க தன் கையவே காட்டிக் காட்டி, ரெண்டு கையும் போயி 1904ல செத்தே போனாரு. அதனால சொந்தக்காரங்கதான் புடிக்கணும், கதிர தடுக்குற ஈய ஏப்ரன் போட்டுக்கிட்டு, நேர் கதிர்ல கை விழாம. அப்பா இருந்தா அப்பாவ புடிக்கச் சொல்லுங்க, அம்மா மறுபடி முழுகாம இருக்காங்களான்னு யாருக்குத் தெரியும்.

அந்த "யாருக்குத் தெரியும்" விஷயத்துல நான் ஒரு தடவ பாடம் படிச்சேன். புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, இடுப்பு வலின்னு மாமியாரோட வந்துச்சு. "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன"ன்னு கேட்டேன், பொண்ணு மாமியார பாக்குது, மாமியாரு "அதெல்லாம் ஒன்னும் இல்ல, எடுங்க"ன்றாங்க. எடுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு அதே பொண்ணு புருஷனோட அழுதுக்கிட்டு வந்து நிக்குது, நாள் தள்ளிப்போயிருக்கு, எக்ஸ்ரே எடுத்ததால கலைச்சிடணும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். இத கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா இது படத்த விடப் பெரிய கேடு. வயித்துல இருக்குற கருவுக்கு 50 மில்லிகிரேக்குக் (இதுவும் கதிர்வீச்ச அளக்குற ஒரு அலகுதான்) கீழ போன கதிர்வீச்சால ஊனம், கலையறது எதுவும் கூடுனதா பாத்ததில்ல, ஒரு தடவ முதுகு எக்ஸ்ரே எடுத்தா அதுல சின்ன பங்குதான் கருவுக்குப் போகும், நெஞ்சுப் படம்னா நூத்துல ஒரு மில்லிகிரேகூட போகாது. ஒரு எக்ஸ்ரேக்காக கருவ கலைக்க வேண்டியதில்ல. நான் அவங்கள ரேடியாலஜிஸ்ட் சார்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டி அனுப்பி வச்சாரு. பையன் பொறந்து இப்ப ஸ்கூல் போறான். அன்னையில இருந்து நான் பண்றது ஒன்னே ஒன்னுதான், கூட வந்தவங்கள வெளிய நிக்க வச்சு, கதவ சாத்திட்டு, நர்ஸ்ம்மாவ கூட வச்சுக்கிட்டு தனியா கேக்குறேன். தனியா கேட்டா பதில் வேற மாதிரி வருது.

ஏப்ரன் பத்தி ஒரு சண்டை இருக்கு. முன்னாடி எல்லாருக்கும் இடுப்புக்குக் கீழ ஈய ஷீட்ட மூடுவோம், அதான் நல்ல டெக்னீசியன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க, நானும் பத்து வருஷம் அப்படித்தான் செஞ்சேன். 2019ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அத நிறுத்தச் சொல்லிடுச்சு, 2021ல அங்க இருக்குற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.ஆர்.பி.யும் வழக்கமா மூடத் தேவையில்லன்னு சொல்லிடுச்சு. மொதல்ல எனக்கு கோவம்தான் வந்துச்சு. காரணத்த படிச்சப்ப சரின்னு பட்டுச்சு, ஈய ஷீட்டு கொஞ்சம் நகந்து படத்துல விழுந்தா ரிப்பீட், ஆட்டோமேட்டிக் எக்ஸ்போஷர் இருக்குற மெஷின்ல அந்த ஈயத்த பாத்து மெஷினே டோஸ ஏத்திடும், மீதி ஒடம்புக்குள்ளயே சிதறிப் போற கதிர ஷீட்டு தடுக்கவும் தடுக்காது. அதனால உங்களுக்கு ஏப்ரன் போடலைன்னா அலட்சியம்னு சண்டை போடாதீங்க. ஆனா கூட நின்னு புடிக்கறவங்களுக்குப் போடலைன்னா சண்டை போடுங்க, நியாயம் இருக்கு. அந்த ஏப்ரன மடிச்சு நாற்காலி மேல போட்டு வச்சிருந்தா அதையும் கேளுங்க, மடிச்சா உள்ள ஈயம் விரிசல் விட்டுடும், தொங்க விடணும்.

என் சொந்த அலட்சியம் ஒன்னு. சட்டையில குத்துற டி.எல்.டி. பேட்ஜ் இருக்குல்ல, எங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு மூனு மாசத்துக்கு ஒருக்கா அனுப்பி அளப்பாங்க. எங்களுக்கு வரம்பு அஞ்சு வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐ தாண்டக் கூடாதுன்னு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வச்சிருக்கு. நான் பேட்ஜ ஏப்ரன்லயே குத்தி எக்ஸ்ரே ரூமுக்குள்ள ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு ரிப்போர்ட்டு எகிறி வந்துச்சு, விளக்கம் கேட்டு லெட்டர். வாங்குனது நான் இல்ல, ஆணி. நல்லவேளை ஆணிதான்னு எழுதிக் குடுத்துட்டு தப்பிச்சேன்.

வார்டுல போர்டபிள் மெஷின தள்ளிட்டுப் போயி "எக்ஸ்ரே"ன்னு குரல் குடுத்தா மொத்த வார்டும் வராண்டாவுக்கு ஓடும், ஊசி போட்டுட்டு இருக்குற சிஸ்டர் பாதி ஊசியோட ஓடும். அவ்ளோ ஓட வேண்டியதில்லங்க. தூரம் ரெண்டு மடங்கானா கதிர் நாலுல ஒரு பங்கு, மூனு மடங்கானா ஒம்போதுல ஒரு பங்கு. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாலே வர்றது சொற்பம். ஓட முடியாம பக்கத்து கட்டில்ல படுத்திருக்குறவங்கதான் பாவம், அவங்க இருக்குற தெசைக்கு டியூப திருப்பாம இருக்குறது எங்க வேலை.

இவ்ளோ சொல்றேன்னு படமே எடுக்காதீங்கன்னு அர்த்தம் இல்ல. தொப்பூர் கணவாயில லாரி கவுந்து நடுராத்திரி ஆள தூக்கிட்டு வர்றப்ப அங்க மில்லிசீவர்ட் கணக்கு பாக்குறவன் முட்டாள். தலை, கழுத்து, வயிறுன்னு டாக்டர் எது கேக்குறாரோ அத்தனையும் எடுக்கணும். ஆனா அங்கயும் ஒரு கொடுமை நடக்குது, இங்க சி.டி. எடுத்து ஃபிலிம மட்டும் கையில குடுத்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புவாங்க, அங்க போனதும் ஃபிலிம்ல சரியா தெரியல, ஸ்கேன் பதிவு பண்ண டிஸ்க் இருக்கான்னு கேப்பாங்க, இருக்காது, மறுபடியும் மொத்தமும் ஸ்கேன். எட்டு பதினாறா ஆகும், காசும் ரெண்டு மடங்கு. அதனால ஸ்கேன் எடுத்த எடத்துல கெளம்பும்போதே டைகாம் ஃபைல் (ஸ்கேனோட ஒரிஜினல் டிஜிட்டல் படம்) இருக்குற டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்க. வாட்சப்ல போட்டோ புடிச்சு அனுப்புறது, படம் எடுத்தாச்சுன்னு காட்டத்தான் ஒதவும், அத வச்சு ஆபரேஷன் முடிவு பண்ண மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னு நெஞ்சுப் படம் எழுதுனா அதையும் தட்டிக் கழிக்காதீங்க, 0.02க்கு பயந்து டிபிய வளக்க வேணாம்.

எதுக்கு எழுதுறாங்கன்னே தெரியாம சீட்டு வர்றதும் உண்டு. நான் வேலை பாத்த ஒரு எடத்துல, பேரு வேணாம், எழுதி அனுப்புறவங்களுக்கு மாசக் கடைசியில கவர் போகும். அந்தக் கவருக்கு மேல நான் ஒன்னும் சொல்லத் தேவையில்ல. டாக்டர்கிட்ட நீங்க மரியாதையா கேக்க வேண்டியது, "சார், போன தடவ படம் இதோ இருக்கு, புதுசா எடுத்தா வைத்தியம் ஏதாவது மாறுமா?" இத கேட்டதும் சீட்ட திரும்ப வாங்கிக்கிட்ட டாக்டருங்கள நான் பாத்திருக்கேன், கோவப்பட்டவங்கள ரொம்பக் கொறச்சலாத்தான் பாத்திருக்கேன். வயித்து வலி, பித்தப்பை கல்லுன்னா அல்ட்ராசவுண்டு போதுமான்னும் கேளுங்க, அதுலயும் எம்.ஆர்.ஐ.லயும் இந்தக் கதிர் கெடையாது.

அம்மா கதைக்கு வர்றேன், அதுல நான் மறுபடி கோட்ட விட்டேன்.

மஞ்சப்பைக்கு அப்புறம் நான் கொஞ்சம் அதிகமாவே ஞானி ஆயிட்டேன். மாசி மாசம் அம்மா மாட்டுத் தொழுவத்துல வழுக்கி கைய ஊனி விழுந்துட்டா. மணிக்கட்டு வீங்கிடுச்சு. ஃபோன்ல கேட்டேன், விரல் அசையுதான்னு, அசையுதுன்னா. சுளுக்குதான், ஐஸ் வை, எடுத்ததுக்கெல்லாம் எக்ஸ்ரே வேணாம்னு பெரிய மனுஷனாட்டம் சொல்லிட்டேன். சித்தப்பா புத்தூர் கட்டுக்கு கூட்டிட்டுப் போறேன்னாரு, அதுவும் வேணாம்னேன். நாலு நாள் கழிச்சு ஊருக்குப் போயி பாத்தா மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைஞ்சு கெடக்கு, எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. அந்த வளைவு எந்த டெக்னீசியனுக்கும் தெரியும். நானே வண்டியில ஏத்திட்டு வந்து, முழங்கையில இருந்து உள்ளங்கை வரைக்கும் காலிமேட்டர சுருக்கி வச்சு, ரெண்டு வியூ எடுத்தேன். எலும்பு ஒடஞ்சிருந்துச்சு. 0.001க்கு கஞ்சத்தனம் பண்ணி அம்மாவ நாலு நாள் வலியில போட்டிருக்கேன்.

ரேடியாலஜிஸ்ட் சார் மானிட்டர்ல பாத்துட்டு ஒடஞ்ச எடத்த விட்டுட்டு முன்னங்கைக்குப் போனாரு. ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்குற சவ்வு ஓரமெல்லாம் முள்ளு முள்ளா சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு. "எந்த ஊர்ப்பா அம்மா, போர் தண்ணியா குடிக்குறாங்க?"ன்னாரு. எங்க ஜில்லாவுல இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், நிலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு, பல்லு காவியாகும், போகப் போக எலும்பு இறுகி முதுகு வளையாம போகும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே 2013ல கொண்டுவந்தாங்க. நான் ஓடிப்போயி மஞ்சப்பைய எடுத்துட்டு வந்தேன், சார் அந்த அஞ்சு முதுகுப் படத்தையும் வியூ பாக்ஸ்ல வரிசையா மாட்டுனாரு. அஞ்சுலயும் எலும்பு வழக்கத்த விட வெள்ளை வெளேர்னு, சாக்பீஸ் மாதிரி. முதல் படத்துலயே இருந்துச்சு. நான் எடுத்த படத்துலயும் இருந்துச்சு, எக்ஸ்போஷர் கொறஞ்சுபோச்சுன்னு நெனச்சு நான்தான் அன்னிக்கு எம்.ஏ.எஸ். ஏத்தி இன்னொன்னு எடுத்திருந்தேன்.

தண்ணிய பாட்டில்ல புடிச்சு டெஸ்ட்டுக்கு குடுத்தோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்னு கணக்கு. எங்க போர் அதையெல்லாம் தாண்டி இருந்துச்சு. அம்மாவுக்கு மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம். வீட்டு வாசல்லயே ஒகேனக்கல் பைப்பு இருக்கு, இத்தன வருஷமா அதுல துணி தொவைச்சுட்டு, போர் தண்ணிய குடிச்சிருக்கா, ருசியா இருக்குன்னு. இப்ப மாத்திக்கிட்டா, முணுமுணுத்துக்கிட்டேதான். பத்தாவது ஃபிலிம கவர்ல போட்டு, மேல தேதியும் ஊரும் பேனாவுல எழுதி மஞ்சப்பையில சொருகுனேன். பை இப்ப பரண்ல இல்ல, கதவுக்குப் பின்னாடி ஆணியில, கொடை பக்கத்துல தொங்குது.